ஹேலி விக்கன்ஹைசர்: பதக்கங்களைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கேள்வியின் சாரம் இது: ஹேலி விக்கன்ஹைசரை உலகின் தலைசிறந்த பெண் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள், கனடா, அமெரிக்கா என்று இரண்டே நாடுகள் ஒழுங்காக ஆடும் ஓர் ஆட்டத்தில் நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்குவது அவ்வளவு பெரிய விஷயமா? ஆண்கள் அணியில் ஆடினார் என்பதெல்லாம் வெறும் விளம்பரம்தானே? கேட்டவர் கொஞ்சம் குத்தலாகவே கேட்டிருக்கிறார். குத்தலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது நியாயமான கேள்விதான். எதிராளி பலவீனமாக இருக்கும் இடத்தில் வென்றவருடைய பலத்தை எதைக் கொண்டு அளப்பது? பதக்கப் பட்டியலை எடுத்து நீட்டுவது இதற்குப் பதிலாகாது. கேட்டவரிடம் அந்தப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது.

நான் கனடாவின் கால்கரி நகரில் பல ஆண்டுகளாகப் பெண்பிள்ளைகள் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். சம்பளம் இல்லாத வேலை. விடிவதற்கு முன் ரிங்க் (ஆடும் பனித்தளம்) காலியாகக் கிடைக்கிறது என்றால் அந்த நேரத்துக்கும் போய் நிற்க வேண்டிய வேலை. விக்கன்ஹைசர் கால்கரி பல்கலைக்கழக அணிக்கு ஆடிய காலத்தில் டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் அவருடைய ஆட்டத்தைப் பற்றி நான் சொல்வதில் நேரில் பார்த்ததும் உண்டு, திரும்பத் திரும்ப வீடியோவில் பார்த்ததும் உண்டு. ஆனால் நான் பழக்குவதெல்லாம் பத்து முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை. தொழில்முறை ஆண்கள் ஆட்டத்தைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்தது 1978 ஆகஸ்ட் 12, சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஷானவன் என்ற சிறிய ஊர். அப்பா, அம்மா இருவரும் ஆசிரியர்கள். பெண்பிள்ளைகளுக்கென்று அணி இல்லாத ஊர் என்பதால் பையன்களோடு ஆடித்தான் வளர்ந்தார். 1991இல் கனடா குளிர்கால விளையாட்டுகளில் ஆல்பர்ட்டா அணிக்கு ஆடியபோது வயது 12. தன்னைவிட நான்கைந்து வயது மூத்த பெண்களுக்கு நடுவே, இறுதியாட்டத்தில் வெற்றி கோலைப் போட்டது அவர்தான். 15 வயதில் தேசிய அணி. 1994இல் லேக் பிளாசிட்டில் நடந்த உலகப் போட்டியில் முதல் தங்கம். அதன்பின் கனடாவுக்காக மொத்தம் 276 ஆட்டங்கள், 168 கோல்கள், 211 அசிஸ்ட்டுகள் (கோலுக்கு வழி செய்து கொடுத்த பாஸ்கள்). உலகப் போட்டிகளில் ஏழு தங்கம், ஆறு வெள்ளி. ஒலிம்பிக்கில் 1998 நகானோவில் வெள்ளி. 2002, 2006, 2010, 2014 நான்கிலும் தங்கம். அந்த நான்கில் முதல் இரண்டிலும் போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2017 ஜனவரியில் ஓய்வை அறிவித்தபோது ஒலிம்பிக் பெண்கள் ஹாக்கியில் 18 கோல்களோடும் 51 புள்ளிகளோடும் முதலிடத்தில் இருந்தார். இந்த ஆட்டத்தில் கோலுக்கு ஒரு புள்ளி, அசிஸ்ட்டுக்கும் ஒரு புள்ளி. 'புள்ளி' என்று நான் சொல்வது அந்தக் கணக்கு.

இனி கேட்டவர் பக்கம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி அப்படியே உண்மை. 2006 டூரின் ஒலிம்பிக்கில் கனடா இத்தாலியை 16-0 என்றும், ரஷ்யாவை 12-0 என்றும் அடித்தது. அந்தப் போட்டி முழுவதிலும் கனடா போட்டது 46 கோல்கள், வாங்கியது 2. நான்கு வருடம் கழித்து வான்கூவரில் ஸ்லோவாக்கியாவை 18-0. அங்கே மொத்தக் கணக்கு 48-2. அந்தச் சமயத்தில்தான் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்த ஜாக் ரோக், மற்ற நாடுகள் முன்னேறாவிட்டால் இந்த ஆட்டத்தை ஒலிம்பிக்கில் வைத்திருக்க முடியாது என்ற பொருளில் வெளிப்படையாகவே எச்சரித்தார். 1990இல் உலகப் போட்டி தொடங்கியதிலிருந்து தங்கம் கனடாவுக்கு, இல்லாவிட்டால் அமெரிக்காவுக்கு. இறுதியாட்டத்தில் இந்த இருவரில் ஒருவர் இல்லாமல் போவதே செய்தியாகிவிடும் அளவுக்கு அரிது. டூரினில் ஸ்வீடன் அரையிறுதியில் அமெரிக்காவை ஷூட்-அவுட்டில் கவிழ்த்தது அப்படி ஒன்று; 2019இல் ஃபின்லாந்து தன் சொந்த மண்ணில் கனடாவை வென்று இறுதிக்கு வந்தது இன்னொன்று. ஆகவே 2006இல் விக்கன்ஹைசர் குவித்த 17 புள்ளிகளை ஒரு மகா சாதனையாக யாராவது உங்களிடம் காட்டினால், 'யாருக்கு எதிராக?' என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இத்தாலிக்கு எதிராக 16 கோல் விழும் ஆட்டத்தில் புள்ளி சேர்ப்பது நல்ல ஆட்டக்காரர் எவருக்கும் கைகூடும்.

இதே சங்கடம் நம் கபடியிலும் உண்டு. ஆசிய விளையாட்டுகளில் கபடி நுழைந்த 1990 முதல் 2014 வரை ஆண்கள் தங்கம் இந்தியாவை விட்டு வெளியே போகவே இல்லை. 2018இல் ஈரான்தான் அந்தத் தொடரை உடைத்தது. அதற்காக அந்தக் காலத்து இந்திய ரெய்டர்கள் எல்லாரும் சாதாரணம் என்று கபடி தெரிந்தவர் யாரும் சொல்லமாட்டார். இந்திய அணிக்குள் இடம் பிடிப்பதே சர்வதேசப் போட்டியில் ஜெயிப்பதைவிடக் கஷ்டமாக இருந்த காலம் அது. கனடாவின் பெண்கள் ஹாக்கிக்கும் இது பொருந்தும். பெண் ஆட்டக்காரர்களில் பெரும்பகுதியினர் இரண்டே நாடுகளில் இருக்கிறார்கள் என்றால், உண்மையான போட்டி அந்த நாடுகளின் தேர்வு முகாம்களிலும், அந்த இரண்டும் நேருக்கு நேர் மோதும் ஆட்டங்களிலும்தான் நடக்கிறது. எனவே அளக்க வேண்டுமானால் இத்தாலியையும் ஸ்லோவாக்கியாவையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, அமெரிக்காவுக்கு எதிரான இறுதியாட்டங்களை மட்டும் வைத்துக்கொள்வோம்.

நகானோவில் கனடா 3-1 என்று தோற்றது. ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி முதன்முதலாக நுழைந்த வருடம் அது. கனடாவில் அந்தத் தோல்வியை ஒரு துக்கச் செய்தியைப் போலத்தான் பேசினார்கள். 2002 சால்ட் லேக் சிட்டிக்கு வரும்போது நிலைமை இன்னும் மோசம். அதற்கு முன்னால் அமெரிக்காவுடன் ஆடிய எட்டு ஆட்டங்களிலும் வரிசையாகத் தோல்வி. இறுதியாட்டம் அமெரிக்க மண்ணில், நடுவரும் அமெரிக்கர். அந்த ஆட்டத்தில் கனடாவுக்கு எதிராகத் தொடர்ந்து எட்டு பெனால்டிகள் கூப்பிடப்பட்டன. இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஒவ்வொரு சிறு பெனால்டிக்கும் தவறு செய்தவர் இரண்டு நிமிடம் தடுப்புப் பெட்டிக்குள் உட்கார வேண்டும், அதுவரை அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். எட்டு என்றால், ஆட்டத்தின் கணிசமான பகுதியில் ஐந்து பேருக்கு எதிராக நாலு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்று பொருள். அந்த நெருக்கடியில் 1-1 என்றிருந்த ஆட்டத்தை இரண்டாம் இருபது நிமிடப் பகுதியில் 2-1 ஆக்கியவர் விக்கன்ஹைசர். அந்தப் பகுதி முடிய ஒரு விநாடி இருக்கும்போது ஜெய்னா ஹெஃபர்ட் மூன்றாவதைப் போட்டார். முடிவு 3-2. பெண்கள் ஹாக்கியில் கனடாவின் முதல் ஒலிம்பிக் தங்கம். என்னைக் கேட்டால், விக்கன்ஹைசரின் பெயருக்கு முழுத் தகுதி தருவது இந்த ஒரு போட்டிதான். மற்ற மூன்று தங்கமும் இதற்கு மேல் கூடுதல்.

இந்த ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு, அதை நம்பிவிடாதீர்கள். ஆட்டம் முடிந்த சூட்டில் தொலைக்காட்சிப் பேட்டியில் விக்கன்ஹைசர், அமெரிக்கர்கள் தங்கள் உடைமாற்றும் அறைத் தரையில் கனடாவின் கொடியைப் போட்டு வைத்திருந்ததாகக் கேள்விப்பட்டோம் என்று சொன்னார். அமெரிக்க வீராங்கனைகள் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று உறுதியாக மறுத்தார்கள். நடந்தது என்பதற்கு ஆதாரம் எதுவும் வெளியே வரவில்லை. கனடாவில் இன்றும் இதை வரலாறுபோலச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அணியை உசுப்பேற்ற எங்கிருந்தோ கிளம்பிய வதந்தி என்பதே என் கணிப்பு. அவர் அதைக் கேமரா முன்னால் சொல்லியிருக்கக் கூடாது.

2010 வான்கூவரில் அவர் அணித்தலைவர். தொடக்க விழாவில் எல்லா நாட்டு வீரர்கள் சார்பாகவும் உறுதிமொழி வாசித்தவரும் அவரே. ஆனால் அமெரிக்காவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் 2-0 என்ற கணக்கில் இரண்டு கோலையும் போட்டது 18 வயது மரி-ஃபிலிப் பூலான். 2014 சோச்சியில் தலைமைப் பட்டையும் கரொலின் ஒய்லெட்டிடம் போய்விட்டது. 35 வயதில் விக்கன்ஹைசர் அணியின் மையம் அல்ல, மூத்தவர்களில் ஒருவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'நான்கு தங்கம்' என்று ஒரே மூச்சில் சொல்லும்போது நான்கிலும் அவர் ஒரே பங்கு வகித்ததுபோல் தோன்றிவிடும். அப்படியில்லை. அதே நான்கு தங்கம் ஹெஃபர்டிடமும் ஒய்லெட்டிடமும் உண்டு.

ஆனால் சோச்சியின் கடைசிக் கட்டத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மூன்று நிமிடம் 26 விநாடி மீதி இருக்கும்போது அமெரிக்கா 2-0 முன்னிலை. பிரியான் ஜென்னர் அடித்தது ஓர் அமெரிக்கத் தடுப்பாட்டக்காரர் மேல் பட்டு உள்ளே போனது. 2-1. கனடா கோலியை வெளியே எடுத்துவிட்டு கூடுதலாக ஒரு தாக்குதல் ஆட்டக்காரரை இறக்கியது, கோல்வாய் காலி. அமெரிக்காவின் கெல்லி ஸ்டாக் தன் பாதியிலிருந்து தள்ளிவிட்ட பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) அந்தக் காலிக் கோலை நோக்கி உருண்டு உருண்டு போய்க் கம்பத்தில் பட்டு நின்றது. உள்ளே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 54.6 விநாடி இருக்கும்போது பூலான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இரு பக்கமும் பெனால்டிகளாகி, ஆட்கள் குறைந்து, பனித்தளம் வெறிச்சென்று கிடந்தபோது விக்கன்ஹைசர் பக்கோடு தனியாகக் கோலியை நோக்கிப் போனார். பின்னால் துரத்தி வந்த ஹிலரி நைட் அவரை எட்டியபோது இருவரும் விழுந்தார்கள், நைட்டுக்குப் பெனால்டி. நான்கு பேருக்கு எதிராக மூன்று பேர் என்றிருந்த அந்த நேரத்தில் பூலான் வெற்றி கோலைப் போட்டார்.

அந்தப் பெனால்டி சரியா என்பது இன்னும் தீராத வழக்கு. நைட் அவரைத் தொட்டாரா, விக்கன்ஹைசரின் ஸ்கேட் தானாக இடறியதா என்று அமெரிக்க ரசிகர்கள் கேட்கிறார்கள். தெளிவான கோல் வாய்ப்பு பறிபோனதால் பெனால்டி ஷாட்டே (கோலியை மட்டும் எதிர்த்து அடிக்கும் வாய்ப்பு) தந்திருக்க வேண்டும் என்று கனடியர்கள் வாதாடுகிறார்கள். நான் பார்த்தவரை தொடுகை லேசானது. வேறு நடுவராக இருந்தால் விட்டிருக்கவும் கூடும். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அதற்கு இரண்டு விநாடி முன்னால் நடந்தது. எல்லாரும் களைத்துப்போன நேரத்தில் அந்தப் பக் எங்கே வரும் என்று ஊகித்து, எதிராளிக்கு முன்னதாகவே திரும்பிக் கிளம்பியவர் 35 வயது ஆட்டக்காரர். என் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவது அந்த இடத்தைத்தான். வேகத்தில் நைட் நெருங்கிவிட்டார். முதல் மூன்று அடிகளில் மட்டும் விக்கன்ஹைசர் ஜெயித்திருந்தார்.

அவருடைய ஆட்ட முறையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆள் உயரம், தோள் அகலம், ஷாட்டில் பலம். இதெல்லாம் எல்லாரும் சொல்வது. பல்கலைக்கழக ஆட்டங்களில் பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது என்னைக் கவர்ந்தது, தளத்தைச் சுற்றியுள்ள போர்டு ஓரத்தில் பக்கைக் காப்பாற்றும் விதம். முதுகை எதிராளிக்குக் கொடுத்து, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையால் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையைச் சும்மா தொங்கவிட்டிருப்பார். எதிராளி இடது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம் பக் போய்விடும். அவசரமே இருக்காது. பையன்களோடு ஆடி வளர்ந்ததன் தடம் அது என்று நான் நினைக்கிறேன். இடிக்க அனுமதி உள்ள ஆட்டத்தில் சின்ன வயதில் அடிபட்டுக் கற்றவர்களிடம்தான் இந்த நிதானத்தைப் பார்க்கிறோம். பெண்கள் சர்வதேச ஆட்டத்தில் 1990க்குப் பிறகு பாடி செக் (உடலால் இடிப்பது) தடை செய்யப்பட்டுவிட்டது. அதனால் அந்தத் தலைமுறைக்குப்பின் வந்த பெண்பிள்ளைகள் பலருக்கு இந்தப் பாடம் கிடைக்கவில்லை. (இந்தத் தடை நல்லதா கெட்டதா என்று கேட்டுவிடாதீர்கள். பயிற்சியாளர்கள் கூட்டத்தில் அதை எடுத்தால் டீ ஆறிப்போகும் வரை சண்டைதான்.)

இப்போது ஆண்கள் அணி விவகாரம். 'விளம்பரம்' என்ற சந்தேகம் காரணமில்லாமல் எழவில்லை. 1992இல் கோலி மனோன் ரேயோம் டாம்பா பே லைட்னிங் அணிக்காக என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மை ஆண்கள் தொழில்முறை லீக்) முன்சீசன் ஆட்டத்தில் இறங்கியபோது அதில் விளம்பர நோக்கம் இருந்தது என்பது ஊரறிந்தது. விக்கன்ஹைசரையும் 1998, 1999இல் ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் தன் இளம் வீரர்கள் முகாமுக்கு அழைத்தது. ஒப்பந்தம் எதுவும் வரவில்லை; அந்த அழைப்புகளுக்கு நான் பெரிய மதிப்புத் தரமாட்டேன். ஃபின்லாந்து வேறு. முதலில் இத்தாலியில் ஆட முயன்றார். ஆண்கள் லீகில் பெண் ஆடக்கூடாது என்று அந்த நாட்டுச் சம்மேளனம் சொல்லிவிட்டது. 2003 தொடக்கத்தில் ஹெல்சிங்கிக்கு மேற்கே உள்ள கிர்கொனும்மி என்ற ஊரின் சாலமாத் அணியில் சேர்ந்தார். அந்தச் சீசனில் 23 ஆட்டங்களில் 2 கோல், 10 அசிஸ்ட். ஆண்கள் தொழில்முறை லீகில் கோல் போட்ட முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுவது இதை வைத்துத்தான்.

இதில் எது உறுதி, எது கேள்விக்குரியது என்று பிரித்துக்கொள்வோம். எண்கள் உறுதி. ஆனால் அது ஃபின்லாந்தின் மூன்றாம் அடுக்கு லீக். அங்கே ஆடுபவர்களில் பலருக்குப் பகலில் வேறு வேலை இருக்கும். ஆகையால் 'தொழில்முறை' என்ற அடைமொழியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அடுத்த சீசனில் அணி ஓர் அடுக்கு மேலே ஏறியது. அங்கே பத்து ஆட்டங்களோடு அவர் திரும்பிவிட்டார். 2008-09இல் ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டூனா லிண்டன் அணியில், மறுபடி மூன்றாம் அடுக்கில், ஒரு சீசன் ஆடினார். ஆக, என்.எச்.எல். தரத்துக்கு அவர் வந்திருப்பார் என்று யாராவது சொன்னால் அது ஆசை, ஆதாரம் இல்லை. அதே நேரம் விளம்பரத்துக்காக மட்டும் சேர்க்கப்பட்டவரை 23 ஆட்டம் இறக்கமாட்டார்கள். பத்து அசிஸ்ட் என்பதையும் கவனியுங்கள். உடல் பலத்தில் ஈடுகொடுக்க முடியாத இடத்தில் பார்வையாலும் பாஸாலும் பிழைத்திருக்கிறார். அந்த எண் எனக்கு இத்தாலிக்கு எதிரான எந்தக் கோலையும்விடக் கூடுதலாகச் சொல்கிறது.

அவர் ஐரோப்பாவுக்குப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது பலருக்குத் தெரியாது. அவருடைய உச்ச காலத்தில் பெண்களுக்கு வயிறு வளர்க்கக்கூடிய லீக் எதுவுமே கிடையாது. எட்மண்டன் சிமோஸ், கால்கரி ஓவல் எக்ஸ்ட்ரீம் போன்ற அணிகளில் ஆடுவார்கள். அரசு தரும் வீரர் உதவித்தொகையும் விளம்பர வருமானமும் இருந்தால் உண்டு. நாள்தோறும் தன்னைவிடப் பலசாலிகளோடு மோதிப் பழகக் கிடைத்த ஒரே இடம் ஆண்கள் லீக்தான். இன்று பி.டபிள்யூ.எச்.எல். என்ற பெண்கள் தொழில்முறை லீக் இருக்கிறது, 2024 ஜனவரி 1 அன்று டொரண்டோவில் முதல் ஆட்டம் நடந்தது. அதன் ஹாக்கி நிர்வாகத்தை நடத்துவது அதே ஜெய்னா ஹெஃபர்ட். அதை விக்கன்ஹைசரின் கணக்கில் எழுதுபவர்களைப் பார்க்கிறேன், அது சரியல்ல. அந்த லீக் உருவாவதற்கு நேரடியாகப் போராடியவர்கள் அடுத்த தலைமுறை ஆட்டக்காரர்கள். 2019இல் பழைய கனடியப் பெண்கள் லீக் மூடப்பட்டபோது, ஒழுங்கான ஒரே லீக் வரும்வரை வட அமெரிக்காவில் வேறு எதிலும் ஆடமாட்டோம் என்று ஒதுங்கி நின்றவர்கள் அவர்கள்.

தாக்கம் என்று பேசும்போது இந்த மாதிரி கணக்குக் குழப்பம் நிறைய. 1990 வாக்கில் கனடாவில் பதிவு செய்து ஆடிய பெண்கள் எட்டாயிரத்தைச் சுற்றி. இருபது ஆண்டுகளில் அது 80 ஆயிரத்தைத் தாண்டியது. பத்து மடங்கு. இதைப் பல கட்டுரைகள் விக்கன்ஹைசர் பெயருக்குப் பக்கத்தில் வைத்துவிடும். அதே இருபது ஆண்டுகளில்தான் உலகப் போட்டி தொடங்கியது, ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது, பெண்பிள்ளைகளுக்குத் தனி அணிகள் முளைத்தன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: ரிங்குக்கு வரும் பிள்ளைகள் அவர் பெயரைச் சொன்ன காலம் ஒன்று இருந்தது, இப்போது வரும் பிள்ளைகள் பூலானைச் சொல்கிறார்கள். விக்கன்ஹைசர் யார் என்று கேட்டால் 'டாக்டர்தானே, லீஃப்ஸில் இருப்பவர்?' என்கிறார்கள்.

அதுவும் உண்மைதான். ஆடிக்கொண்டிருந்தபோதே கால்கரி பல்கலைக்கழகத்தில் கினீசியாலஜி (உடலியக்க அறிவியல்) படித்தார். 2012இல் அந்தப் பல்கலைக்கழக அணி முதன்முதலாகத் தேசிய பட்டம் வென்றபோது முப்பது தாண்டிய மாணவியாக அந்த அணியில் இருந்தார். ஓய்வு பெற்ற வருடமே மருத்துவப் படிப்பு, 2021இல் மருத்துவரானார். படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 2018இல், டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற என்.எச்.எல். அணி அவரை இளம் வீரர்களை வளர்க்கும் பொறுப்பில் எடுத்தது; 2022இல் உதவிப் பொது மேலாளர் ஆனார். 2019இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம். அதில் சேர்க்கப்பட்ட ஏழாவது பெண். லீஃப்ஸ் வேலையை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம், அது அலங்காரப் பதவி இல்லை. பதினெட்டு, இருபது வயது ஆண் ஆட்டக்காரர்களோடு பனியில் இறங்கி, எங்கே தவறு என்று காட்டித் திருத்துகிற வேலை. அதற்குப் பிறகு என்.எச்.எல்.லில் பெண் உதவிப் பொது மேலாளர்கள், 2024இல் சியாட்டிலில் ஜெசிகா காம்பெல் என்ற பெண் உதவிப் பயிற்சியாளர் என்று வரிசை நீண்டது. அவரால்தான் இவர்கள் வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். முதலில் எடுத்த அணிகளில் ஒன்றுக்கு அந்தத் துணிச்சல் வந்ததில் அவர் பெயருக்குப் பங்கு உண்டு என்பது மட்டும் என் ஊகம்.

அவர் செய்தவற்றில் நேரடி விளைவு கண்ணுக்குத் தெரியும் ஒன்று 2020 மார்ச்சில் நடந்தது. கோவிட் பரவத் தொடங்கியும் டோக்கியோ ஒலிம்பிக் குறித்த நாளில் நடக்கும் என்று ஒலிம்பிக் குழு பிடிவாதமாக இருந்தது. அந்தக் குழுவின் வீரர்கள் ஆணையத்தில் தானே உறுப்பினராக இருந்துகொண்டு, மார்ச் 17 அன்று விக்கன்ஹைசர் அந்தப் பிடிவாதம் உணர்வற்றது, பொறுப்பற்றது என்று வெளிப்படையாக எழுதினார். உள்ளே இருந்து வந்த முதல் பெரிய குரல்களில் அது ஒன்று. ஐந்தாம் நாள் கனடா தன் வீரர்களை அனுப்பமாட்டோம் என்றது. 24ஆம் தேதி போட்டி தள்ளிவைக்கப்பட்டது. அவர் ஒருவரால் தள்ளிப்போனது என்பது மிகை. ஜப்பானிலும் பல சம்மேளனங்களிலும் நெருக்கடி ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் பதவிக்குள் இருப்பவர் வாயைத் திறப்பது எவ்வளவு அபூர்வம் என்று நமக்குத் தெரியும்.

இந்தியத் தொடர்பு ஒன்றும் உண்டு. 2010 முதல் அவர் நடத்திய விக்ஃபெஸ்ட் என்ற பெண்பிள்ளைகள் ஹாக்கித் திருவிழாவுக்கு 2018 நவம்பரில் இந்தியப் பெண்கள் அணி கால்கரிக்கு வந்தது. அந்த வருட ஜனவரியில் அவர், முன்னாள் என்.எச்.எல். ஆட்டக்காரர் ஆண்ட்ரூ ஃபெரென்ஸோடு லடாக்குக்குப் போய், நன்கொடையாகத் திரட்டிய உபகரணங்களைக் கொடுத்துவிட்டு அந்தப் பெண்களோடு ஆடிவிட்டு வந்திருந்தார். கால்கரிக்கு வந்த அந்தப் பெண்களில் பலர் இயற்கையாக உறைந்த குளத்தில், வருடத்தில் இரண்டு மாதம் கிடைக்கும் பனியில், பையன்களின் பழைய ஸ்கேட்டுகளில் கற்றவர்கள். இவர்களை 'விக்கன்ஹைசர் உருவாக்கிய அணி' என்று கனடிய நண்பர் ஒருவர் சொன்னபோது மறுத்தேன். அதற்கு முந்தைய வருடமே, 2017இல், பாங்காக்கில் நடந்த ஆசியச் சவால் கோப்பையில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வீழ்த்தித் தங்கள் முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றிருந்தார்கள். அந்தப் பயணத்துக்கான பணத்தைப் பொதுமக்களிடம் திரட்டித்தான் போனார்கள். அணியை உருவாக்கியது லடாக் பெண்கள். உபகரணமும், உலகம் பார்க்கும் ஒரு மேடையும் கொடுத்தது விக்கன்ஹைசர். இரண்டும் வேறு.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பதக்க எண்ணிக்கை அவருடைய மேன்மைக்குக் கிடைக்கும் சாட்சிகளிலேயே பலவீனமானது, அதில் நீங்கள் சொல்வது சரி. 2002 இறுதியாட்டம், கிர்கொனும்மியில் அந்த ஒரு சீசன், ஐந்து ஒலிம்பிக் அளவுக்கு நீண்ட ஆயுள், இவை பலமான சாட்சிகள். அவற்றை வைத்து அவரைத் தன் தலைமுறையின் முதல் ஆட்டக்காரர் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. எல்லாக் காலத்துக்கும் முதலா என்றால், பூலான் 2010 முதல் 2022 வரை நான்கு ஒலிம்பிக் இறுதியாட்டங்களிலும் கோல் போட்டிருக்கிறார், நான்கும் அமெரிக்காவுக்கு எதிராக. இறுதியாட்டத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் பூலான் முன்னால் வந்துவிடுவார். அந்த விவாதத்தில் நான் இன்னும் விக்கன்ஹைசர் பக்கம், ஆனால் அதில் நான் பார்த்து வளர்ந்த தலைமுறை என்ற பாசமும் கலந்திருக்கிறது.

ஆட்டத்தைப் பார்த்தே முடிவு செய்ய விரும்பினால் தொகுப்பு வீடியோக்களை விட்டுவிடுங்கள்; அவற்றில் 16-0 ஆட்டத்துக் கோல்கள்தான் அதிகம் இருக்கும். சால்ட் லேக் இறுதியின் இரண்டாம் இருபது நிமிடத்தை முழுதாகப் பாருங்கள். கனடா ஆள் குறைவாக இருக்கும்போது பக்கைப் பார்க்காமல் அவரை மட்டும் பின்தொடருங்கள். பெயர் வாசிப்பது முதலில் சிரமமாக இருந்தால் 22ஆம் எண் சட்டையைத் தேடுங்கள்.